நாற்காலியும் கூண்டும்

(செஞ்சியில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



செஞ்சிக் கோட்டையப் பாக்க எங்கெங்கிருந்தோ ஆளுங்க வர்றாங்க. நம்ம சனங்க வர்றது கோட்டை ஏற இல்ல, கோர்ட்டுப் படி ஏற. நிலத் தகராறு, வன்கொடுமை வழக்கு, வாய்தாவுக்கு மேல வாய்தா. கூண்டுல நிக்கிறது நாம. நாற்காலியில உக்காந்திருக்கிறது யாரு? அதத்தான் பேசணும்.

முதலில் ஒரு கறுப்பரைப் பற்றிச் சொல்கிறேன். ஜோனத்தன் ஜாஸ்பர் ரைட். 1840இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர். 1865இல் அடிமை முறை ஒழிந்தபோது, தென் கரோலினாவுக்குப் போய் விடுதலை பெற்ற மக்களுக்குச் சட்ட உதவி செய்தார். 1868இல் அம்மாநிலத்தின் புதிய அரசியல் சட்டத்தை எழுதிய சபையில் உறுப்பினர், பிறகு செனட்டர். அங்கே கறுப்பர்களே பெரும்பான்மை. ஓட்டுரிமை வந்ததும் அவங்க ஆளுங்க சட்டமன்றத்துக்குள்ள போனாங்க. நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பது அந்தச் சட்டமன்றம்தான். 1870இல் அது ரைட்டை மாநில உச்சநீதிமன்றத்தில் உட்கார வைத்தது. அமெரிக்காவில் அப்படி உட்கார்ந்த முதல் கறுப்பர் அவரே.

ஏழே வருஷம். 1876 தேர்தலில் வெள்ளை ஆதிக்கவாதிகள் துப்பாக்கியோடு இறங்கினார்கள். 1877இல் மத்திய அரசு காவலுக்கு வைத்திருந்த படையை விலக்கிக்கொண்டது. ஆட்சி கை மாறியது. குற்றச்சாட்டு சுமத்தி நெருக்கியதில் ரைட் பதவி விலகினார்; 1885இல் காசநோயில் இறந்தார். அதே நீதிமன்றத்துக்கு அடுத்த கறுப்பர் வந்தது 1985இல். 108 வருஷம்!

இப்ப நம்ம கதைக்கு வருவோம். 1816இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம், தாழ்ந்த சாதி என்று அவன் குறித்தவர்களைத் தொழுமரத்தில் மாட்டும் அதிகாரத்தை ஊர்த் தலைவனுக்குக் கொடுத்தது. சென்னை உயர்நீதிமன்றம் 1862இல் வந்தது. அதில் முதல் தலித் நீதிபதியாக ஜோலார்பேட்டைக்காரர் ஏ. வரதராஜன் அமர்ந்தது 1973 பிப்ரவரியில். 111 வருஷம்! 1949இல் முன்சீப்பாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறியவர். 1980இல் உச்சநீதிமன்றத்திலும் அவரே முதல் தலித்.

அதே 1973இல் அதே உயர்நீதிமன்றம் என்ன செய்தது? வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரைக் கொளுத்திய வழக்கில் மிராசுதாரர்களை விடுதலை செய்தது. காரும் நிலமும் உள்ள பெரிய மனுஷங்க நேரில் நடந்து போய்த் தீ வச்சிருப்பாங்கன்னு நம்ப முடியலையாம்! அந்த அமர்வில் வரதராஜன் இல்லை. கட்டடத்தில் ஒருத்தர் இருந்தார், அவ்வளவுதான்.

ஒருத்தர் போதாது தோழர்களே. ரைட்டை உட்கார வைத்தது மக்களின் ஓட்டு. ஓட்டைப் பறித்ததும் நாற்காலியும் போச்சு. இங்கேயோ 1993 தீர்ப்புக்குப் பிறகு நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உயர்நீதிமன்றத்திலும் உச்சநீதிமன்றத்திலும் இடஒதுக்கீடு இல்லை. தலித் ஒருவர் தலைமை நீதிபதியாக 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சட்டம் படிக்கிற தம்பி, தங்கச்சிகளே! கறுப்பு அங்கி போடுங்க. ஆனா தனியா மேல ஏறிட்டு நம்ம கடமை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. ரைட்டுக்குப் பின்னால மக்கள் திரண்டு நின்ன வரைக்கும்தான் அவர் நாற்காலி நின்னுச்சு. நீங்க உள்ள போங்க. நாங்க வெளிய திரண்டு நிக்கிறோம். ரெண்டும் சேர்ந்தாத்தான் நீதி.