பயங்கர ஆட்சியில் ஒரு சரித்திர ஆசிரியை

சரித்திரத்தைப் புத்தகத்திற் படித்துப் பிறருக்குக் கற்பிக்கும் ஒருவர் அந்தச் சரித்திரத்தினுள்ளேயே போய் விழுந்துவிட்டால், அவர் யார் பக்கம் நிற்பார்? 1964ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 8ஆந் திகதி தொடங்கி ஆறு சனிக்கிழமை மாலைகளில் பி.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பிய நாடகம் ஒன்று இந்தக் கேள்வியை எழுப்பிற்று. "பயங்கர ஆட்சி" என்பது அதன் பெயர். டெனிஸ் ஸ்பூனர் எழுதியது. "டொக்டர் ஹூ" என்னும் நீண்ட தொடரின் முதலாம் ஆண்டில் கடைசிக் கதையாக வந்தது.

அந்தத் தொடர் 1963 நவம்பர் 23இல் ஆரம்பமாயிற்று. காலத்திலும் வெளியிலும் பயணஞ் செய்யும் பொறி ஒன்று. அதன் சொந்தக்காரர் டொக்டர் என்ற முதியவர். அவருடைய பேர்த்தி சூசன். இவர்களோடு பயணஞ் செய்யும் இருவரும் ஒரே பாடசாலையின் ஆசிரியர்கள். இயன் விஞ்ஞானம் கற்பிப்பவர். பார்பரா சரித்திரம் கற்பிப்பவர். இந்த ஏற்பாடு காரணமின்றிச் செய்யப்பட்டதன்று. எதிர்காலத்துக்கும் வேற்றுலகங்களுக்கும் போகும் கதைகளில் விஞ்ஞான ஆசிரியருக்கு வேலை. கடந்த காலத்துக்குப் போகும் கதைகளில் சரித்திர ஆசிரியைக்கு வேலை. பிள்ளைகள் பொழுதுபோக்கோடு அறிவும் பெறவேண்டும் என்பது தொடரை வகுத்தோர் எண்ணம்.

பொறியை ஓட்டும் டொக்டருக்கோ அதனைச் சொன்ன இடத்திற் கொண்டுபோய் இறக்கும் வல்லமை கிடையாது. ஆசிரியர் இருவரையும் இங்கிலாந்தில் இறக்கிவிட்டதாக அவர் பெருமையோடு கூறுகிறார். வெளியே வந்து பார்த்தால் அது பாரிஸ் நகருக்கு அண்மையிலுள்ள ஒரு காடு. ஆண்டு 1794, மாதம் யூலை. பிரெஞ்சுப் புரட்சி தன் பிள்ளைகளையே பலிகொண்டிருந்த காலம்.

அந்த மாதம் எத்தகையது என்பதை அறிந்தாலன்றி நாடகத்தின் அச்சம் விளங்காது. 1794 யூன் 10ஆந் திகதி இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, புரட்சி நீதிமன்றத்தில் நிறுத்தப்படுவோர் தமக்கென ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமையை நீக்கிவிட்டது. தீர்ப்புகள் இரண்டே: ஒன்று விடுதலை, மற்றது மரணம். அச்சட்டம் வந்த நாள் முதல் ரொபெஸ்பியர் வீழ்ந்த நாள் வரை ஏழு வாரங்கூட ஆகவில்லை. அதற்குள் பாரிஸ் நகரில் மாத்திரம் 1,300 பேருக்கு மேல் கில்லட்டினுக்கு இரையாயினர். அவர்கள் எல்லாரும் பிரபுக்கள் என்று எண்ணுவது தவறு. பயங்கர ஆட்சிக் காலம் முழுவதையும் நாடு முழுவதையும் சேர்த்துக் கணக்கெடுத்தால், மரணதண்டனை பெற்றோரிற் பெரும்பாலார் குடியானவரும் தொழிலாளரும் சிறு வியாபாரிகளுமேயாவர்.

காட்டோரத்துப் பண்ணைவீடு ஒன்றினுள் பயணிகள் நுழைகிறார்கள். அது நாட்டைவிட்டுத் தப்பியோடுவோருக்கு மறைவிடமாக இருந்த வீடு. படைவீரர்கள் வந்து சூழ்கிறார்கள். இயன், பார்பரா, சூசன் மூவரும் கைதாகிப் பாரிசிலுள்ள கொன்சியேர்ஜரி என்னும் சிறைக்குக் கொண்டுசெல்லப்படுகிறார்கள். மரீ அந்துவானெத் அரசி 1793 ஒக்டோபரிற் கொலைக்களத்துக்குப் புறப்பட்டது அந்தச் சிறையிலிருந்தேதான். டொக்டரோ, வீரர்கள் தீமூட்டிய வீட்டினுள் அகப்பட்டு, ஒரு சிறுவனால் உயிர்தப்பிப் பாரிஸ் நோக்கிக் கால்நடையாகப் புறப்படுகிறார். வயல்வெளிப் பாதையில் அவர் நடந்துபோகும் அக்காட்சிதான் இத்தொடருக்காகக் கலையகத்துக்கு வெளியே படமாக்கப்பட்ட முதற் காட்சிகளுள் ஒன்று. வேடிக்கை என்னவெனில், டொக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் அங்கே போகவேயில்லை. அவருடைய உடையை அணிந்த வேறொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தார். பாதையும் பிரான்சில் உள்ளதன்று, இங்கிலாந்திலேயே உள்ளது.

பாரிசை அடைந்ததும் டொக்டர் தம் மோதிரத்தைக் கொடுத்து, மாகாண அதிகாரி ஒருவரின் உடையை வாங்கி அணிந்துகொள்கிறார். தொப்பியிலே பெரிய இறகுகள். அந்த இறகுகளைக் கண்டதும் சிறைக்காவலன் நடுங்கிப் பணிகிறான்; யார், எங்கிருந்து வந்தவர் என்று கேட்கவும் அவனுக்குத் துணிவில்லை. சிரிப்பூட்டுதற்கென எழுதப்பட்ட பகுதி இது. ஆனாற் சந்தேகமே சட்டமாகிவிட்ட ஒரு நாட்டில், உரத்த குரலும் உயர்ந்த தொப்பியும் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை இந்தச் சிரிப்பு காட்டிவிடுகிறது. அந்த இறகுகளின் உதவியினால் டொக்டர் ரொபெஸ்பியரின் முன்னிலைக்கே சென்று விவாதிக்கவும் நேர்கிறது.

சரித்திரம் கற்பிக்கவந்த நாடகத்திலே ஒரு பெருந் தவறும் உண்டு. இறுதிப் பகுதியில், பரா என்னும் அரசியல்வாதி ஒரு சத்திரத்தில் நெப்போலியனை இரகசியமாகச் சந்தித்து, ரொபெஸ்பியருக்குப் பின் யார் ஆள்வது என்று பேசுகிறார். இயனும் பார்பராவும் சத்திரத்தாராக வேடமிட்டு அதை ஒட்டுக்கேட்கிறார்கள். உண்மையில் அந்த நாட்களில் நெப்போலியன் பாரிசிலேயே இல்லை. இருபத்துநான்கு வயதுத் தளபதியாக, தெற்கே இத்தாலிய எல்லைப் படையோடு இருந்தார். ரொபெஸ்பியரின் தம்பியோடு கொண்டிருந்த நட்பினால், ரொபெஸ்பியர் வீழ்ந்த பின்னர் ஓகஸ்ட் மாதத்தில் அவரே சில நாட்கள் காவலில் வைக்கப்பட்டார். பராவுக்கும் அவருக்கும் இடையில் உறவு இருந்தது மெய்யே. அது பயன் தந்தது 1795இல். கதாசிரியர் ஓராண்டுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளை ஓரிரவுக்குள் அடைத்துவிட்டார். பார்பரா போன்ற ஓர் ஆசிரியை இதற்குச் சிவப்பு மையாற் கோடிட்டிருப்பார்.

இதைவிடப் பெரிய குறை வேறொன்று. அப்பமின்றி வரிசையில் நின்ற பெண்களை இந்த நாடகம் காட்டவில்லை. பிரபுக்களுக்குச் செலுத்திவந்த நிலவரிகள் நீங்கியதும், மனிதன் உரிமையுடையவன் என்ற பிரகடனம் 1789 ஓகஸ்டில் வந்ததும், 1794 பெப்ருவரியில் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதும் இங்கே காணக்கிடையா. (ஒழித்த அடிமைமுறையை 1802இல் மீண்டும் கொணர்ந்தவர் அதே நெப்போலியன்தான்.) புரட்சிக்காரராக வருவோர் கொடியர் அல்லது குடியர். தப்பிச்செல்வோரும் அவர்களைத் தப்புவிப்போரும் வீரர். டிக்கன்ஸ் 1859இல் எழுதிய நாவலுக்குப் பின் ஆங்கிலேயர் பிரெஞ்சுப் புரட்சியைப் பார்த்துவந்த பார்வை பெரும்பாலும் இதுவே.

இந்தப் பார்வையை ஒரேயொரு காட்சி உடைக்கிறது. நாடகத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

கொலைக்களத்துக்குப் போகும் வண்டியிலிருந்து பார்பராவையும் சூசனையும் ஜூல் ரெனான் என்பவரும் அவருடைய தோழரும் மீட்டு மறைவிடத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அந்தக் கூட்டத்திலே லெயோன் கொல்பேர் என்ற இளைஞன் ஒருவன் இருக்கிறான்; இனிமையாகப் பேசுபவன். பார்பராவுக்கு அவன்மேல் ஒரு பரிவு தோன்றுகிறது. ஆனால் அவன் புரட்சி அரசாங்கத்தின் ஆள். கூட்டத்தைக் காட்டிக்கொடுப்பதற்காகவே உள்ளே இருப்பவன். இயனைப் பொறியில் அகப்படுத்தி விசாரிக்கிறான். ஜூல் வந்து அவனைச் சுட்டுக்கொன்று இயனை மீட்கிறார்.

மறைவிடத்துக்குத் திரும்பியதும் செய்தி சொல்லப்படுகிறது. துரோகி, தக்க தண்டனை பெற்றான் என்பது ஆண்களின் முடிவு. இயனும் அதையே கூறுகிறார். அவர் கூறுவதும் நியாயமே. சற்று முன்னர் சங்கிலியிற் கட்டுண்டு நின்றவர் அவர். பார்பராவோ அதற்கு உடன்படவில்லை. இவர்களுக்குத் துரோகியாக இருந்தவன் தன் பக்கத்தாருக்குத் தேசபக்தன் என்கிறார். புரட்சியில் எல்லாமே தீயவையல்ல என்றும், யார் எதற்குத் தகுதியானவர் என்று தீர்ப்பதற்கு முன் சரித்திர நூல்களைப் புரட்டிப் பார்க்கும்படியும் கோபத்தோடு இயனுக்குச் சொல்கிறார். சாவின் வாயிலிலிருந்து தம்மை மீட்டவர்களின் வீட்டில் நின்றுகொண்டு ஒரு பெண் இதைச் சொல்கிறார் என்பதைக் கருதவேண்டும். அவரும் அந்த வண்டியில் ஏற்றப்பட்டவரே, பயங்கரத்தை அறியாதவரல்லர். அறிந்திருந்தும் இறந்தவனின் பக்கத்து நியாயத்தை மறுக்க அவர் மனம் இடங்கொடுக்கவில்லை. ஜாக்குலின் ஹில் என்னும் நடிகை அந்தப் பாத்திரத்தை ஏற்றிருந்தார்.

நேயர்களே, அந்தக் காட்சியை இன்று கண்ணாற் பார்க்க இயலாது. பழைய ஒளிப்பதிவுகளை அழித்துவிடுவது அக்காலத்து வழக்கமாயிருந்தது. இந்த நாடகமும் அவ்வாறே அழிந்தது. பிற்காலத்தில், 1980களில், நான்கு பகுதிகளின் படச்சுருள்கள் மீண்டும் கிடைத்தன. அவற்றிற் சில சைப்பிரஸ் நாட்டிலிருந்து வந்தவை. நான்காம் ஐந்தாம் பகுதிகள் மாத்திரம், சில நொடித் துண்டுகள் தவிர, கிடைக்கவில்லை. ரொபெஸ்பியரோடு டொக்டர் விவாதிப்பது நான்காம் பகுதியில். லெயோன் இறப்பதும் பார்பரா சினப்பதும் ஐந்தாம் பகுதியில். ஒளிபரப்பான அன்று வீட்டிலே இருந்து ஒலியை மட்டும் நாடாவிற் பதிந்துகொண்ட இரசிகர்களால் அவை வெறும் குரல்களாகத் தப்பிப் பிழைத்தன. 2013இல் அந்தக் குரல்களுக்குச் சித்திரங்கள் வரைந்து பொருத்தி வெளியிட்டார்கள். ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பவருக்கே அந்தக் காட்சி கூடுதலாகப் புலப்படும். பார்பராவின் குரல் முதலில் தாழ்ந்து, பின்பு உயர்கிறது. வானொலியோடு பழகிய செவிகளுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

மற்றவை விரைவாக முடிகின்றன. சிறையதிகாரி லெமேத்ர் என்பவரே மாறுவேடத்தில் இருந்த ஆங்கில ஒற்றன் ஸ்டேர்லிங் என்பது வெளியாகிறது. ரொபெஸ்பியர் தாடையிற் குண்டுக் காயத்தோடு கைதாகிச் சிறைக்கு வருகிறார். சரித்திரத்திலும் அவ்வாறே, யூலை 27இல் வீழ்ந்தவர் மறுநாள் கில்லட்டினுக்குச் சென்றார். பயணிகள் தம் பொறியை அடைகிறார்கள்.

புறப்பட்ட பின்னர் அவர்கள் பேசிக்கொள்கிறார்கள். நெப்போலியனுக்கு நேரப்போவதைச் சொல்லி ஒரு கடிதம் எழுதியிருந்தால் என்ன என்று கேட்பவர் இயன். அதே ஆண்டில், அஸ்தெக் மக்களைப் பற்றிய கதையில், நரபலியை நிறுத்த முயன்று தோற்றவர் பார்பரா. கடிதத்தை நெப்போலியன் தொலைத்திருப்பார், மறந்திருப்பார், அல்லது பைத்தியக்காரர் எழுதியதென்று எண்ணியிருப்பார் என்று சூசன் விடை கூறுகிறாள். சுட்டிருந்தாலும் குண்டு தவறியிருக்கும் போலும் என்கிறார் பார்பரா. லெயோனைப் பற்றி அங்கே ஒருவரும் பேசவில்லை.