வென்றவரும் கம்பைத் தட்டித்தான் முடிக்கிறார்

(ரெட்டிபாளையத்தில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டமொன்றில் கணிதப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'விளையாட்டு வீரரின் மனநிலையும் மாணவரின் வெற்றியும்' என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். நான் கணக்கு வாத்தியார். பள்ளி நாள்களில் ஓட்டப் பந்தயத்தில் கடைசிக்கு முந்தைய ஆளாக வந்ததுதான் விளையாட்டில் என் அதிகபட்ச சாதனை. விளையாட்டோடு எனக்குள்ள இன்னொரு தொடர்பு, பத்தாம் வகுப்பின் உடற்கல்விப் பாடவேளையைக் கடன் வாங்குவது. வாங்கிய கடனை இதுவரை திருப்பிக் கொடுத்ததில்லை. உடற்கல்வி ஆசிரியர்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் சிரிப்பில் கொஞ்சம் கோபமும் இருக்கிறது, நியாயம்தான். இந்தப் பேச்சை அந்தக் கடனுக்கான வட்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாரியப்பன் தங்கவேலுவை நம் எல்லோருக்கும் தெரியும். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டிக்காரர். ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பேருந்து ஏறி, வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போனது. காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர் அவருடைய தாய். பள்ளியில் ஓர் உடற்கல்வி ஆசிரியர் அந்தப் பையனிடம் ஏதோ ஒன்றைக் கண்டு, உயரம் தாண்டச் சொன்னார். 14 வயதில், உடற்குறை இல்லாத மாணவர்களோடு போட்டியிட்டு இரண்டாம் இடம் பிடித்தார். பின்னாளில் பயிற்சியாளர் சத்தியநாராயணாவிடம் பெங்களூருவில் பயிற்சி பெற்றார். 2016இல் ரியோ பாராலிம்பிக் போட்டியில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார்.

இதுவரை நாம் காலை வணக்கக் கூட்டத்தில் பலமுறை சொன்ன கதை. ரியோவில் நிறுத்திவிட்டு, "பார்த்தீர்களா, முயற்சி திருவினையாக்கும்" என்று சொல்லிப் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பிவிடுவோம். எனக்கு முக்கியமாகப் படுவது ரியோவுக்குப் பிறகு நடந்தவை.

டோக்கியோ பாராலிம்பிக் 2021இல் நடந்தது. தொடக்க விழாவில் இந்தியக் கொடியை ஏந்திச் செல்ல வேண்டியவர் மாரியப்பன். விமானத்தில் உடன் வந்த ஒருவருக்குக் கொரோனா இருந்ததால் அவர் தனிமைப்படுத்தப்பட்டார், கொடி இன்னொரு வீரரின் கைக்குப் போனது. போட்டி நாளில் மழை. பாதிக்கப்பட்ட காலில் போட்டிருந்த காலுறை நனைந்து, தாண்டுவதற்குச் சிரமமாகிவிட்டது என்று பின்னர் அவரே சொன்னார். கொடியும் மழையும் அவர் கையில் இல்லை. அடுத்த தாண்டுதல் ஒன்றுதான் அவர் கையில் இருந்தது. 1.86 மீட்டர் தாண்டினார், வெள்ளி கிடைத்தது. 2024இல் பாரிஸில் 1.85 மீட்டர், வெண்கலம்.

தங்கம், வெள்ளி, வெண்கலம். 1.89, 1.86, 1.85. வரைபடத் தாளில் குறித்தால் கோடு கீழே இறங்கும். ஒரு மாணவரின் மூன்று பருவ மதிப்பெண் இப்படி இருந்தால் தரநிலை அறிக்கையில் நாம் என்ன எழுதுவோம்? 'கவனம் குறைகிறது. பெற்றோர் நேரில் வரவும்.' ஆனால் அதே 2024 மே மாதம் ஜப்பானின் கோபே நகரில் நடந்த உலகப் போட்டியில் இவர் 1.88 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றிருக்கிறார். மூன்று புள்ளிகளை மட்டும் வைத்துக் கோடு போட்டால் அந்த ஆண்டு முழுவதும் நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். தொடர்ந்து மூன்று பாராலிம்பிக் போட்டிகளில் பதக்கம் வென்றவர் என்ற பெருமை, ஒருமுறை உச்சியைத் தொட்டதால் வந்ததல்ல. எட்டு ஆண்டுகள் திரும்பத் திரும்ப அந்தக் கம்புக்கு முன்னால் போய் நின்றதால் வந்தது.

இப்போது அந்தக் கம்பைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். உயரம் தாண்டுதலின் விதிகளை எங்கள் பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டது நாற்பது வயதுக்கு மேல்தான். கேட்டபோது வெட்கமாக இருந்தது. இத்தனை ஆண்டுகள் நான் வகுப்பில் வைத்திருந்த விதிகளைவிட அவை நியாயமானவை.

முதல் விதி: எந்த உயரத்தில் தொடங்குவது என்பதை வீரரே முடிவு செய்துகொள்ளலாம். எல்லோரும் ஒரே உயரத்தில் தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இரண்டாம் விதி: கம்பை ஒருமுறை தட்டிவிட்டால் ஆட்டம் முடிந்துவிடாது. தொடர்ந்து மூன்று முறை தவறினால்தான் வெளியேற வேண்டும். இடையில் ஒருமுறை தாண்டிவிட்டால், அவரை வெளியேற்றுவதற்கு முந்தைய தவறுகளைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

மூன்றாவது, விதியல்ல, விதியின் விளைவு. ஒருவர் தாண்டத் தாண்டக் கம்பு உயர்ந்துகொண்டே போகிறது. ஆகவே பெரும்பாலும், தங்கம் வென்றவரின் கடைசித் தாண்டலும் கம்பைத் தட்டிவிட்ட தாண்டலாகவே இருக்கிறது. வென்றவரும் கம்பைத் தட்டித்தான் முடிக்கிறார். அவருடைய சாதனையாக, தோற்ற உயரத்தை எழுதுவதில்லை, தாண்டிய உயரத்தைத்தான் எழுதுகிறார்கள்.

என் வகுப்பின் விதிகள் வேறாக இருந்தன. பணியில் சேர்ந்த புதிதில், எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் பின்னக் கூட்டலில் திரும்பத் திரும்பத் தவறு செய்தான். பகுதிகளையும் கூட்டிவிடுவான். மூன்றாவது நாள் நோட்டை மேசையில் போட்டு, "உனக்கெல்லாம் கணக்கு வராதுடா" என்றேன். வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான். அடுத்த ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை. வேறு காரணங்களும் இருந்திருக்கும். நான் அதையே சொல்லிக்கொண்டேன்.

பல ஆண்டுகள் கழித்து, இந்த ரெட்டிபாளையம் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று என் வண்டிக்குப் பக்கத்தில் வேகம் குறைத்து நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து வணக்கம் சொன்னான். அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்னான். டீ வாங்கிக் கொடுத்தான். எத்தனை டன், எத்தனை நடை, எவ்வளவு டீசல், கைக்கு எவ்வளவு நிற்கும் என்று கடகடவென்று மனக்கணக்காகச் சொன்னான். கிளம்பும்போது சிரித்துக்கொண்டே, "நீங்க சொன்ன மாதிரியே எனக்குக் கணக்கு வரல சார்" என்றான். கேலி இல்லை, கோபமும் இல்லை. நான் சொன்னதை அவன் அப்படியே நம்பியிருக்கிறான். அந்த டீ எனக்கு உள்ளே இறங்கவில்லை.

நண்பர்களே, விளையாட்டு வீரரின் மனநிலை என்று நாம் சொல்வது மாணவரிடம் தானாக முளைப்பதல்ல. முதலில் அது பயிற்சியாளரிடம் இருக்க வேண்டும். கம்பைத் தட்டிய பையனிடம் எந்தப் பயிற்சியாளரும் "உனக்குத் தாண்ட வராது" என்று சொல்வதில்லை. "உந்துகாலை இன்னும் கொஞ்சம் தள்ளி வை" என்பார். முதல் வாக்கியம் ஆளைப் பற்றியது. இரண்டாவது அடுத்த முயற்சியைப் பற்றியது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாணவி ஒருத்தி பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணக்கில் மட்டும் தவறிவிட்டாள். எடுத்தது 22. முடிவு வந்த மறுநாள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா, "அதுக்குப் படிப்பு ஏறல சார். மாமன் ஊருல கேட்டுக்கிட்டு இருக்காங்க" என்றார். என்ன கேட்கிறார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பெண் உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. துணைத் தேர்வுக்கு இருந்தது சில வாரங்களே.

"35 எடுக்க வேண்டும்" என்று நான் அவளிடம் சொல்லவில்லை. அந்தக் கம்பைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் பயந்துபோயிருந்தாள். தொடங்கும் உயரத்தை நீயே சொல் என்றேன். வெகுநேரம் யோசித்து, "வரைபடம் போடுவேன் சார்" என்றாள். அங்கே தொடங்கினோம். அடுத்து செய்முறை வடிவியல். பிறகு கணங்களில் எளியவை. ஒவ்வொன்றுக்கும் மூன்று முயற்சி. முதல் முயற்சியில் தவறினால் நான் விடையைச் சொல்ல மாட்டேன், எந்த வரியில் கால் இடறியது என்று அவளே கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டில், அன்று தாண்டியதை மட்டும் தேதியோடு எழுதச் சொன்னேன். தவறியவற்றை எழுத வேண்டாம் என்றேன். மாதிரித் தேர்வு ஒன்றில் 30தான் வந்தது. அழுதாள். நோட்டைத் திறந்து முதல் பக்கத்தையும் அன்றைய பக்கத்தையும் காட்டினேன்.

துணைத் தேர்வில் 41 எடுத்தாள். செய்தித்தாளில் வரும் மதிப்பெண் அல்ல. ஆனால் பதினோராம் வகுப்பில் சேர்ந்தாள். மாமன் ஊர்ப் பேச்சு அப்போதைக்கு நின்றது. என் பணிக்காலத்தில் நான் பார்த்த பெரிய தாண்டல் அதுதான்.

தோல்விக்குப் பிறகு என்ன செய்வது என்பதற்கு பி.டி. உஷாவைவிடப் பெரிய பாடம் கிடையாது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில், நொடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வெண்கலத்தை இழந்தார். கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. மறு ஆண்டே ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் ஐந்து தங்கமும் ஒரு வெண்கலமும் வென்றார். ஒரு மதிப்பெண்ணில் தவறிய பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஆனால் தவறிய மறுநாள் சொல்லாதீர்கள். அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாகப் பேசியதாகாது. மன உறுதி இருந்தால் எதையும் சாதிக்கலாம் என்பது பாதி உண்மை. நம் அரியலூர் மண்ணின் பிள்ளை, ஹாக்கி வீரர் கார்த்தி செல்வத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிரான தன் அறிமுக ஆட்டத்திலேயே கோல் அடித்தவர். 2023இல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற இந்திய அணியில் இருந்தவர். எளிய குடும்பத்துப் பிள்ளையான அவருக்குத் திறமையும் உறுதியும் மட்டும் போதவில்லை. கோவில்பட்டியில் ஒரு விளையாட்டு விடுதியும், சாப்பாடும், மட்டையும், மைதானமும், பயிற்றுநரும் தேவைப்பட்டன. கோப்பை வென்ற அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான அணியில் அவர் பெயர் இல்லை. தேர்வு வீரர் கையில் இல்லை, பயிற்சிதான் அவர் கையில் இருக்கிறது. ஆகவே பசியோடு வரும் பிள்ளையிடம் மன உறுதி பற்றி மட்டும் பேசுவது சரியாகாது. அவன் சாப்பிட்டானா, இரவு வீட்டில் விளக்கு எரிந்ததா, அப்பா வேலைக்குப் போனாரா என்று முதலில் கேட்க வேண்டும். மாணவருக்கு மனநிலை வேண்டும். அந்த மனநிலை காலூன்றுவதற்கு ஒரு களம் வேண்டும். களம் அமைப்பது நம் வேலை.

நிறைவாக, உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள்.

நாளை உங்கள் வகுப்பில் மிகவும் பின்தங்கிய ஒரு மாணவரிடம், எது உனக்கு வரும் என்று கேளுங்கள். அவர் சொல்லும் இடத்திலிருந்து தொடங்குங்கள். பாடத்திட்டம் ஒரு வாரம் காத்திருக்கும்.

தவறிய முயற்சியைத் திருத்தும்போது, ஆளைப் பற்றிப் பேசாமல் அடுத்த அடியைப் பற்றி மட்டும் பேசுங்கள். எட்டு ஆண்டுகளாக முயல்கிறேன். இன்னும் சில நாள் நாக்கு இடறுகிறது. மறுநாள் அந்தப் பிள்ளையிடம் போய், "நேற்று நான் சொன்னது தப்பு" என்று சொல்கிறேன். அது என்னுடைய இரண்டாவது முயற்சி.

மூன்றாவது, நீங்களும் ஒரு நோட்டுப் போடுங்கள். மாலையில் இரண்டே வரி. இன்று யார் எதைத் தாண்டினார்? ஆண்டு முடிவில் புரட்டிப் பாருங்கள். தேர்ச்சி விழுக்காட்டில் தெரியாத பல பெயர்கள் அதில் இருக்கும்.

உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு சொல். இந்த ஆண்டு உங்கள் பாடவேளையை நான் கேட்க மாட்டேன். முடிந்தால் என் பாடவேளை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் ஒருமுறை கம்பைத் தட்டிவிட்டு, மெத்தையிலிருந்து எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு மறுபடி வரிசையில் போய் நிற்கட்டும். அதைக் கற்றுக்கொண்டு வந்தால் பின்னக் கூட்டலை நான் பார்த்துக்கொள்கிறேன்.