உரைகல்லில் ஒரு பெயர்



பழந்தமிழர் பொன்னணிகளைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். ஒரு கல்லிலிருந்து தொடங்குகிறேன். தாய்லாந்தின் தென்பகுதியில், கிராபி மாகாணத்தில் குளோங் தோம் என்றோர் ஊர். அங்குள்ள மேடொன்றில் பழங்காலப் பாசிமணிகள் ஏராளமாகக் கிடைத்தன. அங்கேயே நீள்சதுரமான சிறு கல் ஒன்றும் கிடைத்தது. அதில் தமிழ் பிராமி எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ என்று பொறித்திருக்கிறது. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டுக் கல் அது. தமிழ்ப் பொற்கொல்லர் ஒருவரின் உரைகல். கடல் கடந்து வாழும் நமக்கு இதைவிட நெருக்கமான தொல்பொருள் வேறு உண்டா?

தட்டாரின் நாணயத்துக்குச் சாட்சி உரைகல்தான். வழுவழுப்பான அந்தக் கருங்கல்லில் நகையை ஓர் இழுப்பு இழுத்தால் பொன்கோடு விழும். பக்கத்திலேயே, மாற்று தெரிந்த பொன்னால் இன்னொரு கோடு. வெள்ளி கலந்திருந்தால் நிறம் வெளிறும். செம்பு கூடியிருந்தால் சிவப்போடும். தேர்ந்த கண் பார்த்தவுடன் சொல்லிவிடும். பிறகு மெழுகை ஒற்றி, கல்லில் ஒட்டிய துகளையும் எடுத்துவிடுவார்கள்.

அந்தக் கண்டிப்பைத்தான் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலும் பார்க்கிறேன். ராஜராஜனும் அவன் அக்கன் குந்தவையும் கொடுத்த நகைகளைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று நிறுத்து எழுதியிருக்கிறார்கள். பொன் நிறுக்கும் கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர். முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, இரட்டை, சப்பத்தி என்று தரம் பிரித்து எண்ணுகிறார்கள். வயிரத்தில் இருந்த கரும்புள்ளி, செம்புள்ளிகூடத் தப்பவில்லை. கோத்த சரடை நீக்கியும், உள்ளிருந்த அரக்கைச் சேர்த்தும் நிறுத்ததாக எழுதுகிறார்கள். மன்னன் கொடுத்தது என்பதற்காக ஒரு குறையையும் மறைக்கவில்லை. எனக்கு அந்த நகைகளைவிட இந்தக் கணக்கின் மேல்தான் மதிப்பு அதிகம்.

அரக்கு ஏன்? பொன்னை மெல்லிய தகடாகத் தட்டி, உள்ளே கூடாக வளைத்து, அரக்கை உருக்கி நிரப்புவார்கள். குறைந்த பொன்னில் பெரிய நகை வரும், நசுங்காது, பதித்த கல்லும் அசையாது. இணைப்புகளைப் பற்றவைக்கப் பற்றுப்பொடியும் வெங்காரமும் வைத்து ஊதுகுழலால் தீயை ஊதுவார்கள். நகையைவிடப் பொடி சீக்கிரம் உருக வேண்டும்; அதற்காகவே அதில் வெள்ளியும் செம்பும் சேர்ப்பது. ஒரு மூச்சு அதிகமானால் நகையே உருகிவிடும்.

கல்வெட்டு சொல்லும் அந்த நகைகள் இன்று இல்லை. எழுதி வைத்ததால் அவற்றை அறிகிறோம். நம் வீடுகளிலும் பாட்டி காலத்து அட்டிகை, ஜிமிக்கி, காசுமாலை இருக்கின்றன. கடையில் மாற்றினால் உருக்கிவிடுவார்கள். மாற்றுவதற்கு முன் நிறுத்துப் பாருங்கள். முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் படம் எடுங்கள். பற்றவைத்த இடங்கள் அங்கேதான் தெரியும். செய்த ஊரையும், தெரிந்தால் செய்தவர் பெயரையும் எழுதி வையுங்கள். சங்கச் செயற்குழுவினரிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த ஆண்டு விழாவில் அந்தப் படங்களுக்கு ஒரு மேசை ஒதுக்கித் தாருங்கள்.