மூளையும் முயற்சியும்

(கழகத்தின் வெள்ளி விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கழகம் மாலைதோறும் விளக்கேற்றிப் பிள்ளைகளை அமர்த்திப் பாடம் சொல்லி வருகின்றது. இப்பணியில் நாம் கேட்ட சொற்களுள் மிகக் கொடியது ஒன்று உண்டு. "இவர்களுக்குப் படிப்பு ஏறாது" என்பதே அது. பிறர் அவ்வாறு சொன்னபொழுது நாம் சினந்தோம். ஆனால், தேர்வில் தோற்ற நம் பிள்ளையே "என் மண்டையில் ஏறவில்லை" என்று ஏட்டை மூடிவைக்கும்பொழுது, அச்சொல் நம் வீட்டிற்குள்ளேயே குடிபுகுந்துவிட்டது என்று பொருள். அது உண்மைதானா? இதற்கு அறிவியல் தரும் விடையை இன்று எடுத்துரைக்க விழைகின்றோம்.

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஓர் அணு அடுத்த அணுவுக்குச் செய்தி சொல்லும் இடம் நரம்பிணைப்பு எனப்படும். அங்கே நுண்ணிய இடைவெளி ஒன்று உண்டு. அதனை ஒரு வேதிப்பொருள் கடந்து சென்று செய்தியைச் சேர்க்கின்றது. கற்கும்பொழுது இவ்விணைப்புகளே மாறுகின்றன என்று ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரமோன் இ கஹால் 1894ஆம் ஆண்டிலேயே கருதினார். அதனை அணுவளவில் மெய்ப்பித்தோருள் முதன்மையானவர் எரிக் கேண்டல்.

இவர் 1929ஆம் ஆண்டு வியன்னாவில் பிறந்தவர். யூதராய்ப் பிறந்தது ஒன்றே குற்றமாகக் கருதப்பட்டமையால், 9 வயதில் தாயகத்தை விட்டு அமெரிக்காவுக்கு ஓடிவர நேர்ந்தது. 1913ஆம் ஆண்டு அண்ணல் அம்பேத்கர் பயிலச் சென்றாரே, அதே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இவர் பிற்காலத்தில் பேராசிரியராக விளங்கினார். 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற மூவருள் இவரும் ஒருவர்.

அவர் ஆராய எடுத்துக்கொண்டது கடல் முயல் என்னும் நத்தையினத்து உயிரி. அதற்கு இருப்பவை ஏறத்தாழ 20,000 நரம்பணுக்களே. அதன் வாலில் ஒருமுறை மின்னதிர்ச்சி கொடுத்தால், பின்னர் மெல்லத் தொட்டாலும் செவுளை விரைந்து உள்ளிழுத்துக்கொள்ளும். அந்நினைவு சில நிமிடங்களே நிற்கும். இடைவெளி விட்டு நான்கைந்து முறை அதிர்ச்சி கொடுத்தாலோ, நினைவு பல நாட்கள் நிலைக்கும்.

இவ்வேறுபாடு எதனால் வந்தது? ஒருமுறை அதிர்ச்சி நேரும்பொழுது செரட்டோனின் என்னும் பொருள் சுரந்து நரம்பணுவைத் தட்டுகின்றது. அணுவினுள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் தூதுப்பொருள் பெருகுகின்றது. அது ஒரு நொதியை எழுப்ப, இருக்கின்ற இணைப்பே சிறிது நேரம் வலுப்பெறுகின்றது. புதிதாக எதுவும் கட்டப்படுவதில்லை. மீண்டும் மீண்டும் செய்தி வரும்பொழுதோ, அந்நொதி அணுவின் உட்கருவுக்குள்ளேயே சென்றுவிடுகின்றது. அங்கே கிரெப்-2 என்னும் புரதம் வாயில் காப்போனைப்போல் தடுத்து நிற்கின்றது. தொடர்ந்த செய்தியால் அத்தடை நீங்க, கிரெப்-1 என்னும் புரதம் மரபணுக்களை இயக்குகின்றது. புதிய புரதங்கள் பிறக்கின்றன. புதிய இணைப்புகள் முளைக்கின்றன.

ஆய்வாளர்கள் அவற்றை எண்ணியும் பார்த்தனர். பயிற்சி பெறாத உயிரியில், தொடுதலை உணரும் ஒரு நரம்பணுவுக்கு ஏறத்தாழ 1,300 இணைப்பு முனைகள். நீடித்த பயிற்சிக்குப் பின் அவை 2,700 ஆயின. பயிற்சியை நிறுத்திய பின் நாளடைவில் 1,500 அளவுக்குக் குறைந்தன. பயனற்ற தொடுதலையே ஓயாது பெற்று, அதனைப் புறக்கணிக்கப் பழகிய உயிரியிலோ அவை 850 ஆகச் சுருங்கின.

நத்தையைக் கொண்டு மனிதனை அளக்கலாமோ என்று கேட்பீர்கள். முறையான கேள்வியே. கிரெப் புரதத்தின் பணி எலிகளின் நினைவிலும் காணப்பட்டுள்ளது. முயலின் மூளையில் நரம்பிணைப்பு நெடுநேரம் வலுப்பெற்று நிற்பதை பிளிஸ், லோமோ என்னும் இருவர் 1973ஆம் ஆண்டு வெளியிட்டனர். நம் நாட்டிலேயே, லக்னோவுக்கு அருகில் உள்ள சிற்றூர்களில், எழுத்தறியாத பெரியவர்களுக்கு 6 மாதம் இந்தி எழுத்தைக் கற்பித்து, அவர்தம் மூளையை முன்னும் பின்னும் படம்பிடித்தனர். அவர்களுள் பெரும்பாலோர் முப்பது வயதை ஒட்டிய பெண்கள். பார்வைக்குரிய மேற்பகுதிக்கும் மூளையின் ஆழ்பகுதிகளுக்கும் இடையே இசைவு கூடியிருந்ததை 2017ஆம் ஆண்டு வெளியிட்டனர்.

இவற்றால் நாம் அறிவது யாது? மரபணு, பிறப்பிலேயே எழுதி முத்திரையிட்ட தீர்ப்பன்று. அது கட்டளைக்குக் காத்திருக்கவும் செய்கின்றது. அக்கட்டளையை அனுபவமும் பயிற்சியும் பிறப்பிக்கின்றன. எல்லோர்க்கும் ஒரே வேகத்தில் வரும் என்று சொல்ல மாட்டோம். ஆனால், முதல்முறை விளங்காததைக் கொண்டு அறிவில்லை என்று முடிவுகட்டுவது அறியாமை. வாயிற்காப்போன் ஒருமுறை தட்டியதும் கதவைத் திறப்பதில்லை, அவ்வளவே.

ஆகவே, இளைஞர்களே! தேர்வுக்கு முன்னிரவு முழுதும் விழித்துப் படிப்பதைவிட, நாள்தோறும் சிறிது படித்து, இடைவெளி விட்டு மீண்டும் படியுங்கள். நன்றாக உறங்குங்கள், உறக்கத்திலும் நினைவு உறுதிப்படுகின்றது. கற்றதைக் கைவிடாதீர்கள், 2,700 என்பது 1,500 ஆனதை மறவாதீர்கள்.

பெரியோர்களே! பசித்த வயிறும் இடைநின்ற படிப்பும் இருக்குமிடத்தில் பிள்ளையை மட்டும் குறைகூறுதல் அறமாகாது. பயிற்சி தொடர உணவும் இடமும் பரிவுள்ள ஆசிரியரும் வேண்டும். அவற்றைத் தருவதே கழகத்தின் கடமை. பள்ளியை விட்டு நின்ற பிள்ளையின் வீட்டுக் கதவை நாம் ஒருமுறை தட்டித் திரும்பிவிடலாகாது. மீண்டும் செல்வோம், மீண்டும் அழைப்போம்.