பக்கத்து வீட்டு சோப்பு

தமிழ்நாட்டில் முதல் கொரோனா தொற்று 2020 மார்ச் 7 அன்று உறுதியானது. தொற்றுக்கு ஆளானவர், ஓமனிலிருந்து ஊர் திரும்பியிருந்த காஞ்சிபுரத்துக்காரர். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் சிகிச்சை பெற்று அவர் நலமடைந்தார். முதல் தொற்றுச் செய்தி வந்த நாளுக்கும், 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்த மார்ச் 24 மாலைக்கும் நடுவே இரண்டரை வாரம்தான். அதற்குள் நம் ஊர்களில் இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடந்தன. கையைக் கழுவுங்கள், கூட்டத்துக்குப் போகாதீர்கள் என்று வானொலி சொன்னது, தொலைக்காட்சி சொன்னது, யாரைக் கைபேசியில் கூப்பிட்டாலும் முதலில் ஒரு இருமல் ஒலித்து அதையே சொன்னது. அதே நாட்களில், கை கழுவத் தேவையான பொருள்களை வாங்கவே மக்கள் கூட்டம் கூட்டமாகக் கடைக்குப் போனார்கள். முன்னே போனவர்கள் அள்ளிக்கொண்டு வந்தார்கள், பின்னே போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். நாம் இந்த இரண்டையும் தனித்தனிச் செய்திகளாகவே பேசி முடித்துவிட்டோம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். தொற்றுக் காலத்தில் என் வீட்டைக் காப்பது என் வீட்டு சோப்பு மட்டுமல்ல, பக்கத்து வீட்டு சோப்பும்தான். என் பரணில் கூடுதலாக அடுக்கிவைக்கும் ஒவ்வொரு கட்டியும் பக்கத்து வீட்டுக்குக் கிடைக்காமல் போனால், நான் செலவு செய்து என் ஆபத்தையே கூட்டிக்கொள்கிறேன்.

சோப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைக் காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறையில் கேட்டால் சொல்வார்கள். கர்நாடகத்திலிருந்து வரும் கச்சாப் பட்டு விறைப்பாக, மங்கலாக இருக்கும். புழு தன் இழையைச் சுற்றிப் பூசிவைத்த பசை அதற்குக் காரணம். சோப்பும் சோடாவும் கலந்த நீரில் கொதிக்கவைத்தால் பசை கழன்றுபோகும். நூலின் எடையில் ஏறக்குறையக் கால் பங்கு குறைந்து, நமக்குத் தெரிந்த மினுமினுப்பு வெளியே வரும். கொரோனா கிருமிக்கும் ஒரு மேலுறை உண்டு. பட்டில் கழல்வது புரதம், கிருமியில் கழல்வது கொழுப்பு, ஆகவே வேதியியல் வேறு. ஆனால் மேலுறையைக் கழற்றிவிட்டால் உள்ளே இருப்பதன் கதை மாறிவிடும் என்பது இரண்டிலும் ஒன்றுதான். கொழுப்புறை குலைந்த கிருமியால் நம் உடலின் செல்களுக்குள் நுழைய முடியாது. இதற்கு விலை உயர்ந்த சோப்பு எதுவும் வேண்டாம். சாதாரணக் குளியல் சோப்பு போதும், துணி துவைக்கும் சோப்புகூடப் போதும். நேரம்தான் முக்கியம். குறைந்தது 20 விநாடி நுரையோடு தேய்க்க வேண்டும். அவசரத்தில் உள்ளங்கை மட்டும் நனையும். கட்டைவிரல், விரலிடுக்கு, நகக்கண் மூன்றும் தப்பிவிடும். சாப்பிடும்போது வாய்க்குள் போவது விரல்நுனி என்பதை நினைத்தால், எந்த இடத்தை அதிகம் தேய்க்க வேண்டும் என்பது விளங்கும். பாலாற்றை நம்பி இருக்கும் காஞ்சிபுரம் போன்ற ஊரில், தேய்க்கும் 20 விநாடியும் குழாயைத் திறந்துவைக்கவும் வேண்டாம். கையை நனைத்துக் குழாயை மூடி, நன்றாகத் தேய்த்துவிட்டு, ஒரு சொம்பு நீரில் அலசினால் வேலை முடிந்தது. தண்ணீரும் சோப்பும் கிடைக்காத இடத்தில் மாற்றாக இருக்கட்டும் என்றுதான் சானிடைசரைச் சொன்னார்கள், அதிலும் 60 சதவீதமாவது ஆல்கஹால் இருக்க வேண்டும். ஆக, 2020 மார்ச்சில் மருந்துக் கடை வாசலில் மக்கள் முட்டி மோதி வாங்கியது மாற்றுப் பொருளை. அசல் பொருள் அநேகமாக எல்லார் வீட்டுக் குளியலறையிலும் ஏற்கெனவே இருந்தது.

இருந்தது சரி, பயன்பட்டதா? தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் 2018இல் நடத்திய 76ஆவது சுற்று ஆய்வின்படி, சாப்பிடும் முன் சோப்போ சலவைத்தூளோ போட்டுக் கை கழுவும் இந்தியக் குடும்பங்கள் 35.8 சதவீதம்தான். 60 சதவீதக் குடும்பங்கள் வெறும் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டன. இந்தப் பழக்கம் மாறினால் என்ன நடக்கும் என்பதற்குக் கராச்சி நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் நடந்த ஓர் ஆய்வு பதில் சொல்கிறது. 2005இல் லான்செட் மருத்துவ இதழில் அது வெளிவந்தது. சில பகுதிகளில் வீடுவீடாகச் சோப்பு கொடுத்து, கை கழுவும் முறையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வீடுகளில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நிமோனியா வருவது பாதியாகக் குறைந்தது, வயிற்றுப்போக்கும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது. கிருமிநாசினி கலந்த சோப்புக்கும் சாதாரணச் சோப்புக்கும் பலனில் வேறுபாடு இல்லை. அங்கே நடந்தது என்ன என்று கவனியுங்கள். ஒரு வீட்டில் நூறு கட்டி குவியவில்லை. நூறு வீட்டிலும் வீட்டுக்கொரு கட்டி இருந்தது.

பீதி இதற்கு நேர்எதிரான பங்கீட்டைச் செய்கிறது. 2020 மார்ச் 13 அன்று மத்திய அரசு முகக்கவசத்தையும் சானிடைசரையும் அத்தியாவசியப் பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவர வேண்டியதாயிற்று. மார்ச் 21 அன்று விலைக்கும் உச்சவரம்பு வைத்தார்கள்: மூன்றடுக்கு முகக்கவசம் 10 ரூபாய், 200 மில்லி சானிடைசர் 100 ரூபாய். நாட்டில் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு இருந்ததா என்றால், இல்லை. அந்த மார்ச் மாதம் மத்தியத் தொகுப்பில் 5 கோடி டன்னுக்கு மேல் அரிசியும் கோதுமையும் இருந்தன. கிடங்கு நிறைந்திருந்தபோதே கடை காலியானதற்குக் காரணம், ஒரு மாதத்தில் வாங்க வேண்டியதை எல்லாரும் ஒரே நாளில் வாங்கப் போனதுதான். 2019இல் அத்திவரதரைக் காண 48 நாளில் சுமார் ஒரு கோடிப் பேர் வந்த ஊர் காஞ்சிபுரம். அவ்வளவு பேரையும் அந்த ஊர் தாங்கியது. ஜூலை 18 அன்று ஒரே நாளில் கூட்டம் குவிந்தபோதுதான் நெரிசலில் உயிர்கள் போயின. எத்தனை பேர் என்பதைவிட எத்தனை நேரத்துக்குள் என்பதே ஆபத்தைத் தீர்மானிக்கிறது என்பதை அந்த ஊருக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டாம்.

2020 ஏப்ரல் 24 அன்று, சென்னை உள்ளிட்ட மாநகரங்களில் 26ஆம் தேதி முதல் முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. இடையில் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. அன்று கடைவீதிகளும் கோயம்பேடு சந்தையும் நிரம்பி வழிந்தன. அடுத்த பத்து நாளில் கோயம்பேடு தொற்றின் மையமாகிவிட்டது. மே 5 அன்று சந்தையை மூடி, பிறகு திருமழிசைக்கு மாற்றினார்கள். அதற்குள் லாரி ஏறிச் சொந்த ஊர் போன தொழிலாளர்களோடும் வியாபாரிகளோடும் தொற்று கடலூர், விழுப்புரம், அரியலூர் வரை போயிற்று, காஞ்சிபுரம் மாவட்டத்துக்கும் வந்தது. அந்த ஒரு சனிக்கிழமைதான் முழுக் காரணம் என்று சொல்வது நியாயமாகாது, நெரிசலான அந்தச் சந்தையில் அதற்கு முன்பும் கூட்டம் இருந்தது. என்றாலும், தொற்றிலிருந்து தப்பிக்கச் சாமான் வாங்கப் போன இடமே தொற்று பிடிக்கும் இடமானது என்பதை யாரும் மறுக்க முடியாது.

யார் முந்திக்கொண்டார்கள், யார் பின்தங்கினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பட்டு நெசவாளருக்கு மாதச் சம்பளம் கிடையாது. சேலையை அறுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தால்தான் கூலி. ஒரு சேலை முடியப் பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். மார்ச் 24 அன்று தறியில் பாதிச் சேலையோடு இருந்த குடும்பத்தின் கையில் இரண்டு மாத மளிகைக்குப் பணம் எங்கிருந்து வரும்? அடுத்து பட்டும் ஜரிகையும் வருவது நின்றது, கல்யாணங்கள் தள்ளிப்போயின, தறி ஓடவில்லை. தறி இருப்பதும் வீட்டுக்குள்தான். கோர்வைச் சேலை என்றால் ஒரே தறியில் இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்து நாடா போட வேண்டும், அங்கே இடைவெளி என்ற பேச்சுக்கே இடமில்லை. இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் சோப்பு முதலில் போயிருக்க வேண்டும். பணம் உள்ளவர் பத்துக் கட்டி வாங்கிய நாளில், அன்றாடங்காய்ச்சிக்குக் கிடைக்க வேண்டிய ஒரு கட்டியும் அதில் சேர்ந்து போய்விட்டது. முந்திக்கொண்டவருக்கும் இதில் லாபமில்லை. அவர் வீட்டுக்குப் பால் கொண்டுவருபவரும் பாத்திரம் துலக்க வருபவரும் சோப்பு கிடைக்காத அந்தத் தெருவிலிருந்துதான் வருகிறார்கள்.

முன்கூட்டி வாங்கிவைப்பது குடும்பப் பொறுப்பில்லையா, நம் பாட்டிமார் குதிரில் நெல் சேர்க்கவில்லையா என்று கேட்பார்கள். சேர்த்தார்கள், அறுவடை முடிந்து நெல் மலிந்த காலத்தில் சேர்த்தார்கள். நிதானமாக, மாதச் சாமானோடு ஒரு கட்டி சோப்பும் ஒரு கிலோ பருப்பும் கூடுதலாக வாங்கிவைப்பது நல்ல பழக்கம். அப்படி வாங்கினால் அடுத்தவர் பங்கு குறையாது, கடைக்காரரும் அதற்கேற்பச் சரக்கு எடுப்பார். பற்றாக்குறை நாளில் மூட்டையாக வாங்குவதை அதோடு சேர்த்துப் பேசக் கூடாது. பீதிக்கு மக்களைக் குறை சொல்லாதீர்கள், இரவு 8 மணிக்கு அறிவித்து 12 மணிக்கு நாட்டையே பூட்டினால் யார்தான் பதறமாட்டார்கள் என்பது இன்னொரு கேள்வி. இதில் பெரும்பகுதி நியாயம் உண்டு. அவகாசம் தராத அறிவிப்பு பீதியை விதைக்கிறது என்பதை 2020இல் நாம் மார்ச்சிலும் கண்டோம், ஏப்ரலிலும் கண்டோம். 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம், கிருமி பட்ட பொருளைத் தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று சொன்னபோது, அப்படியானால் கை கழுவியதெல்லாம் வீணா என்றும் சிலர் கேட்டார்கள். கொரோனா பெரும்பாலும் மூச்சுக்காற்றில் பரவுவது என்பது உண்மை. அதனாலேயே, சானிடைசருக்காக நெரிசலில் நின்றது இரட்டைத் தவறாகிறது. கை கழுவுவதன் பலனோ ஒரு கிருமியோடு முடிவதில்லை என்பதைக் கராச்சிக் குழந்தைகளின் கணக்கு காட்டிவிட்டது.

பயப்படாதீர்கள் என்று சொன்னால் பயம் போகாது. எனக்கும் ஒரு பங்கு நிச்சயம் என்று தெரிந்தால்தான் போகும். 2020 பிப்ரவரி 6 முதல் தைவான் அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் காட்டினால் வாரத்துக்கு 2 முகக்கவசம் என்று பங்கிட்டது. தென்கொரியா மார்ச்சில் பிறந்த ஆண்டின் கடைசி இலக்கத்தைப் பார்த்து ஆளுக்கொரு கிழமை ஒதுக்கியது. நம்மிடம் இதைவிட நல்ல ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது, அது ரேஷன் கடை. 2020 ஏப்ரலில் 1,000 ரூபாயும் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் வீட்டுக்கே டோக்கன் கொடுத்து, நாளும் நேரமும் குறித்து வழங்கினார்கள். அந்தப் பட்டியலில் சோப்பு இல்லை. 2021 ஜூனில் கொடுத்த 14 பொருள் தொகுப்பில் குளியல் சோப்பு ஒன்றும் துணி சோப்பு ஒன்றும் சேர்ந்தன. உளுந்தும் புளியும் போல சோப்பும் ஒரு வீட்டின் அடிப்படைத் தேவை என்று அரசு கணக்கில் எடுத்த இடம் அது. என்னைக் கேட்டால், அந்த இரண்டு ஆண்டுகளில் எடுத்த சிறந்த முடிவுகளில் ஒன்று. ஆனால் அதற்கு முந்தைய மே 22, 23 தேதிகளில், முழு ஊரடங்குக்கு முன் இரண்டு நாள் கடைகளைத் திறந்துவிட்டபோது வழக்கமான கூட்டம் கூடிவிட்டது. தொகுப்பு பின்னால் வந்தது, பீதி முன்னால் வந்துவிட்டது.

அடுத்த தொற்று எப்போது வரும், எந்தக் கிருமியால் வரும் என்பது நம் கையில் இல்லை. இந்த வரிசையை மாற்றுவது நம் கையில் இருக்கிறது. ஊரடங்கு அறிவிப்போடு டோக்கனும் வர வேண்டும், டோக்கனில் சோப்பும் இருக்க வேண்டும். தெருவுக்குக் காய்கறி வண்டி எந்த நாள் வரும் என்பதை அந்த அறிவிப்பிலேயே சொல்லிவிட வேண்டும். ஒருவருக்கு இரண்டு கட்டிக்கு மேல் இல்லை என்று மளிகைக் கடைக்காரர் எழுதி ஒட்டினால், நேயர்களே, அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள், அவர் உங்களுக்காகவும் சேர்த்துத்தான் சொல்கிறார். காஞ்சிபுரத்தில் காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா பெயர்களில் இயங்கும் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள், அறிவிப்பு வந்த அன்றே, தறியில் இருக்கும் சேலைக்கு நெய்த அளவு பார்த்து முன்கூலி கொடுக்க ஓர் ஏற்பாடு செய்துகொள்ளலாம். அந்தப் பணம் கையில் இருந்தால், நெசவாளர் வீட்டுப் பெண் மறுநாள் காலையில் மற்றவர்களைப் போலவே கடைக்குப் போய்த் தன் இரண்டு கட்டி சோப்பை வாங்கிவர முடியும்.