நிறுத்திவிட்டு விசாரிக்காதீர்கள்

பெரியோர்களே, சக்கர நாற்காலியிலும் மூன்று சக்கர ஸ்கூட்டரிலும் ஊன்றுகோலோடும் வந்திருக்கிற தோழர்களே, பிள்ளைகளை இடுப்பில் சுமந்து வந்திருக்கிற தாய்மார்களே!

திங்கட்கிழமையானால் நம் கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனு எழுதிக் கொடுக்க நான் உட்கார்ந்திருப்பேன். முன்பெல்லாம் வருகிறவர்கள் கேட்டது, "நம்முளுக்கு எப்பங்க பணம் போட்டுத் தருவாங்க?" என்றுதான். இப்போது கேள்வி மாறியிருக்கிறது. பல வருடமாக உதவித்தொகை வாங்குகிறவர்களே வந்து நிற்கிறார்கள். "ஏனுங்க, வர்ற பணத்தையும் நிறுத்திப்போடுவாங்களா?" சூலூர்க்காரரும் கேட்கிறார், அன்னூர்க்காரரும் கேட்கிறார், வால்பாறை எஸ்டேட்டிலிருந்து மலையிறங்கி வந்த அம்மாவும் கேட்கிறார்.

இந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. பக்கத்து ஆந்திராவில் நடந்ததை டிவியிலும் செல்போனிலும் எல்லோரும் பார்த்தார்கள். 2024 ஜூலையில் அங்கே மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகையை 3,000 ரூபாயிலிருந்து 6,000 ஆக்கினார்கள். எழுந்து நடமாட முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு 15,000 வரை கொடுத்தார்கள். அதைக் கைதட்டி வரவேற்றோம், இன்றைக்கும் வரவேற்கிறோம். ஆனால் 2025-ல் மறுபரிசோதனை என்று தொடங்கினார்கள். ஆகஸ்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நோட்டீஸ் போனது. உங்கள் ஊனம் 40 சதவீதத்துக்குக் கீழே, அதனால் தகுதியில்லை என்று. ஊர் ஊராக ஜனங்கள் தெருவுக்கு வந்த பிறகுதான், மேல்முறையீடு செய்தவர்களுக்குப் பணம் தொடரும் என்று அரசு சொன்னது. அதே வார்த்தையை நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்னால் சொல்லியிருந்தால் எத்தனை வீட்டில் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்!

நம்மிடம் வருவோம். தமிழ்நாட்டில் மாதம் 1,000 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து 1,500 ஆனது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், மனவளர்ச்சி குன்றியவர்கள், தசைச்சிதைவு நோய் உள்ளவர்கள், தண்டுவடம் அடிபட்டவர்கள் ஆகியோருக்குப் பராமரிப்பு உதவித்தொகை 2,000. மத்திய அரசு 2009-ல் 200 ரூபாயில் தொடங்கிய திட்டம் ஒன்று உண்டு. 2012-ல் அதை 300 ஆக்கினார்கள். அதற்கப்புறம் அந்தத் தொகை அசையவேயில்லை. அந்த 300 ரூபாய்க்கும் 80 சதவீத ஊனம் இருக்க வேண்டும், வறுமைக்கோட்டுப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 24-ஆம் பிரிவில் ஒன்று சொல்கிறது. மற்றவர்களுக்குத் தருகிற அதே மாதிரியான உதவியைவிட மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும். இங்கே முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,200 ஆனது. அதோடு 25 சதவீதத்தைக் கூட்டிப் பாருங்கள். சரியாக 1,500. சட்டம் சொன்ன கீழ்வரம்புக்கு ஒரு ரூபாய்கூட மேலே இல்லாமல் நாம் நிற்கிறோம். இதில் எதைக் குறைக்க முடியும்? தெலங்கானாவில் 4,016 தருகிறார்கள். அந்த மண்ணில் இருக்கிறவருக்கும் இந்த மண்ணில் இருக்கிறவருக்கும் பசியில் என்ன வித்தியாசம்?

ஆனைமலைப் பக்கம் தென்னை மரம் ஏறிக்கொண்டிருந்த ஒருவரைப் பாருங்கள். மட்டை வழுக்கி விழுந்தார், தண்டுவடம் போயிற்று. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. பொள்ளாச்சி, ஆனைமலை, கிணத்துக்கடவு என்று தென்னந்தோப்பு இருக்கிற பக்கமெல்லாம் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், உங்களுக்கே தெரியும். சிறுநீர்க் குழாய், டயபர், கட்டுப் போடுகிற துணி, களிம்பு எல்லாவற்றுக்கும் மாதாமாதம் காசு வேண்டும். 2,000 ரூபாய் பத்துத் தேதிக்குள் கரைந்துவிடும். மனைவி தேங்காய் மட்டை உரிக்கிற களத்துக்குப் போகிறார். கணவரைப் புரட்டிப் படுக்க வைக்க மத்தியானம் ஒரு தடவை வீட்டுக்கு ஓடி வருகிறார். வராவிட்டால் முதுகில் படுக்கைப்புண் வந்துவிடும்.

இவரை மறுபரிசோதனைக்கு வா என்று கூப்பிட்டால் என்ன நடக்கும் தெரியுமா? முந்தின நாள் சாயங்காலமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். வழியில் அவர் உபயோகிக்கிற மாதிரி கழிப்பிடம் எங்கே இருக்கிறது? டவுன் பஸ்ஸில் ஏற முடியாது. வாடகை வண்டி பிடிக்க வேண்டும், அந்த மாத உதவித்தொகை அதற்கே போதாது. வரிசையில் உட்கார்ந்தபடியே நாலு மணி நேரம். இன்றைக்கு டாக்டர் இல்லை, அடுத்த வாரம் வாங்க என்றால் மறுபடியும் இத்தனையும். திரும்பி வருகிறபோது புண்ணோடுதான் வருவார். அவருடைய கால் நடக்காது என்பது போன வருடமும் எல்லோருக்கும் தெரியும், இந்த வருடமும் தெரியும். போலியோவில் சூம்பிய கால் ஐம்பது வயதில் தேறி வருமா?

மருத்துவம் பார்த்தால் குணமாகக்கூடியவர்களுக்குத் தற்காலிகச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். அதைக் குறிப்பிட்ட காலத்தில் மறுபடி பார்ப்பது நியாயம், அதில் எனக்கு மறுப்பில்லை. நிரந்தரச் சான்றிதழ் என்று அரசாங்க டாக்டரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு, அந்தக் கையெழுத்தை அரசாங்கமே நம்பாவிட்டால் யார் நம்புவது?

40 சதவீதம் என்கிற கோட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பஸ் பாஸ், ஸ்கூட்டர், கல்வி உதவித்தொகை, அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு எல்லாம் பெரும்பாலும் அந்த ஒரு எண்ணில்தான் தொங்குகின்றன. இப்போது தருகிற தனித்துவ அடையாள அட்டையில் நிறமே அதற்கேற்ப மாறுகிறது. 40-க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம். ஒரு டாக்டர் 42 போடுகிறார், இன்னொரு டாக்டர் அதே காலைப் பார்த்து 38 போடுகிறார். இந்த நாலு சதவீத வித்தியாசத்தில் சோமனூரில் தறிக்குத் தார் சுற்றிப் பிழைக்கிற ஒருவருடைய பஸ் பாஸும் போகிறது, உதவித்தொகையும் போகிறது. அவர் அந்த அட்டையைப் பார்த்துப் பயப்படுவதில் என்ன தப்பு?

போலிச் சான்றிதழ் இருக்கிறதே என்று அரசாங்கம் கேட்கலாம். இருக்கிறது. அதனால் முதலில் நஷ்டப்படுகிறவர்களும் நாங்கள்தான். எங்களுக்கு வர வேண்டிய இடத்தில் இன்னொருத்தர் உட்காருகிறார். ஆனால் போலிச் சான்றிதழை யார் கொடுத்தது? தரகர் யார்? கையெழுத்துப் போட்டவர் யார்? அங்கே போய்ப் பிடியுங்கள், நாங்களே துணைக்கு வருகிறோம். பத்துப் பேர் திருடியதற்கு ஊரையே ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு வரிசையில் நிற்க வைப்பது விசாரணை ஆகாது. அதுவும் நிற்கவே முடியாதவர்களை.

இந்தப் பயம் நம் நாட்டுக்கு மட்டும் உரியது இல்லை. நம் தமிழர்கள் நிறையப் பேர் குடியிருக்கிற இங்கிலாந்தில் 2025 மார்ச்சில் ஒரு சீர்திருத்தம் அறிவித்தார்கள். குளிப்பது, உடுத்துவது, சமைப்பது, சாப்பிடுவது என்று ஒவ்வொரு வேலையிலும் எவ்வளவு சிரமம் என்று புள்ளி போட்டு உதவித்தொகை தருவது அங்கே வழக்கம். இனி ஏதாவது ஒரு வேலையிலாவது 4 புள்ளி இருந்தால்தான் பணம் என்றார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் சிரமப்படுகிறவர் அதோடு வெளியே. இந்தச் சீர்திருத்தங்களால் ஆண்டுக்கு சுமார் 500 கோடி பவுண்டு மிச்சமாகும் என்று கணக்குச் சொன்னார்கள். மாற்றுத்திறனாளிகள் விடவில்லை. ஆளுங்கட்சி எம்.பி.க்களே 120 பேருக்கு மேல் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். ஜூலை 1-ஆம் தேதி, பார்லிமென்டில் விவாதம் நடந்துகொண்டிருந்தபோதே அந்த விதியை அரசு கைவிட்டது. மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்துக்கொண்டு மறுஆய்வு செய்த பிறகுதான் எந்த மாற்றமும் என்று ஒப்புக்கொண்டது. அவ்வளவு பெரிய அரசாங்கமே கேட்டுவிட்டுச் செய்கிறேன் என்று இறங்கி வர முடியும் என்றால், இங்கே ஏன் முடியாது?

கேட்பதற்கு இங்கேயும் ஒரு வழி பிறந்திருக்கிறது. 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் கொண்டுவந்த மசோதாக்களால், உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினர்களாக உட்கார இடம் கிடைத்தது. ஊராட்சிகளில் மட்டும் 12,000-க்கும் மேற்பட்ட இடங்கள். தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் கிட்டத்தட்ட 11.8 லட்சம் பேர் என்று 2011-லேயே கணக்கெடுத்தார்கள். இத்தனை பேர் சார்பில் உள்ளே போகிறவர்கள் வெறுமனே கையெழுத்துப் போட்டுவிட்டு வரக் கூடாது. அந்த ஊரில் யாருக்கு உதவித்தொகை நின்றது, ஏன் நின்றது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து கேட்க வேண்டும். எழுந்து நிற்க முடியாதவர் உட்கார்ந்தே கேட்கட்டும்.

நாம் கேட்பது பெரிய காரியமில்லை. யாருடைய பணத்தையும் நிறுத்திவிட்டு விசாரிக்காதீர்கள். விசாரித்து, அவர் சொல்வதைக் கேட்டு, மேல்முறையீடும் முடிந்த பிறகு முடிவு செய்யுங்கள். அதுவரை பணம் வரட்டும். நடமாட முடியாதவர் வீட்டுக்கு டாக்டர் வரட்டும். வங்கி ஆள் கொண்டுவருகிற கருவியில் ரேகை விழாவிட்டால் வேறு வழியில் கொடுங்கள். தொழுநோயில் விரல் தேய்ந்தவரிடம் ரேகை எங்கே இருக்கும்? நிரந்தரச் சான்றிதழ் வாங்கியவரைத் திரும்பத் திரும்ப வரவழைக்காதீர்கள். விலைவாசி ஏறுகிறபோது தொகையும் தானாக ஏறட்டும். ஒவ்வொரு தடவையும் நாங்கள் ரோட்டில் உட்கார்ந்து போலீஸ் வேனில் ஏற வேண்டாம்.

இவை எல்லாவற்றையும் தீர்மானமாக எழுதி வைத்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் இந்தப் பக்க மேஜையில் நோட்டு இருக்கும். கையெழுத்துப் போடுங்கள். கைநாட்டு வைக்கிறவர்கள் வைக்கலாம். அதுவும் முடியாதவர்கள் பெயரையும் ஊரையும் சொன்னால் போதும், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். பார்வையில்லாதவர்களுக்கு ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்ட ஆள் நிறுத்தியிருக்கிறோம். வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கலெக்டரிடம் கொடுக்கப் போகிறோம். வண்டி இருக்கிறவர்கள் உங்கள் ஊரிலிருந்து வண்டியில்லாத ஒருவரையாவது ஏற்றிக்கொண்டு வாருங்கள்.