பட்டாளத்து லாரி சாலைக்கு வந்த கதை

தமிழில் சாலை என்றால் பாதை. திருவனந்தபுரத்திலோ அது ஒரு கடைத்தெருவின் பெயர். கிழக்கேகோட்டைக்கும் கிள்ளிப்பாலத்துக்கும் இடையே நீளும் அக்கடைத்தெருவை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்த் திவானாயிருந்த ராஜா கேசவதாஸ் ஏற்படுத்தினார் என்பர். தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வணிகர் பலர் அங்கே கடை வைத்து வாழ்ந்து வருகின்றனர். அத்தெருவில் கடை நடத்திக்கொண்டே கதைகள் எழுதி, 2021இல் மறைந்த ஆ. மாதவன் அவர்களை நேயர்களில் பலர் படித்திருக்கக்கூடும். அந்தத் தெருவுக்கு ஒரு பழைய பட்டாளத்து லாரியை நாங்கள் இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தோம். அதைப் பற்றியே இன்று பேச விழைகிறோம்.

நாங்கள் உடன்பிறந்தார் மூவர். ஒருவர் சாலையில் இருக்கிறார். ஒருவர் மும்பைக்கும் மற்றவர் பெங்களூருக்கும் பிழைக்கப் போனவர்கள். எங்கள் பாட்டனார் சாலையில் வாழைக்குலை மொத்த வியாபாரம் செய்தார். நாஞ்சில் நாட்டிலிருந்து குலைகள் மாட்டு வண்டியில் வந்துகொண்டிருந்த காலம் அது. போர் முடிந்தபின் ராணுவம் கழித்துவிட்ட வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. 1948இல் அவர் மனைவியின் நகைகளை அடகு வைத்து ஒரு ஷெவர்லே லாரியை வாங்கினார். பாட்டியார் அதை அவர் ஆயுள் உள்ளவரை சொல்லிக்காட்டினார் என்பது வேறு கதை.

இரண்டாம் உலகப் போருக்காகக் கனடா தேசம் எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட ராணுவ வண்டிகளைச் செய்தது. எங்கள் லாரி அவற்றுள் ஒன்று. மூக்கு இல்லாத வண்டி. கப்பலில் இடம் மிச்சமாகும் பொருட்டு முன்புறத்தைக் குறுக்கிவிட்டார்கள். ஆகையால் எஞ்சின் ஓட்டுநரின் இடப்பக்கத்திலேயே, இருக்கையோடு இருக்கையாக அமர்ந்திருக்கும். முன்கண்ணாடி மேலிருந்து கீழாக உள்நோக்கிச் சரிந்திருக்கும். நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை போகும். பின்புறத்திலும் பக்கத்துக்கு ஒற்றைச் சக்கரமே.

1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. குலை ஏற்றும் ஊர் ஒரு ராஜ்யம், இறக்கும் ஊர் வேறு ராஜ்யம் என்றாயிற்று. களியக்காவிளையில் காகிதங்களைக் காட்டிக் காத்து நின்றபோதிலும் லாரி ஓடிற்று. எங்கள் தந்தையார் படித்ததும் அத்தைமார் மணமுடித்ததும் அந்த ஓட்டத்தில்தான். 1974இல் அது தோவாளைப் பக்கத்துச் செங்கல் சூளை ஒன்றுக்கு விலையாயிற்று. அங்கே மண் சுமந்து, பின் எஞ்சின் நின்று, புளியமரத்தடியில் துருவேறிக் கிடந்தது.

அதைப் பழைய இரும்புக்கு எடை போட்டுக் கொடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. இரும்பு வியாபாரி கேட்ட விலையை நாங்கள் கொடுப்பதாகச் சொன்னோம். சூளைக்காரர் ஒரு வாரம் தவணை தந்தார்.

வாங்கி என்ன செய்வது என்று பலரும் கேட்டனர். நியாயமான கேள்விதான். ஐம்பது ஆண்டு கடந்த பழைய வண்டிகளுக்கு 2021இல் மத்திய அரசு தனிப் பதிவுமுறை கொணர்ந்தது. ஆயினும் அது சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கே உரியது. சரக்கு லாரிக்கு அதில் இடமில்லை. ஆகவே இந்த லாரி தன் காலால் இனிப் பாதையில் ஓடப்போவதில்லை. அதை அறிந்தே போனோம்.

எங்களோடு ஒரு பெரியவர் வந்தார். 1960களில் அந்த லாரியை ஓட்டியவர். எண்பது வயதைத் தாண்டியவர். லாரிக்கு அருகே சென்றதும் அவர் ஒன்றும் பேசவில்லை. குனிந்து ஒவ்வொரு சக்கரத்தையும் பார்த்தார். பழைய டயர்கள் மக்கிப் போயிருந்தன. நாங்கள் அழைத்து வந்த இளைஞன் வேறு டயர்களை மாட்டி, 40 ராத்தல் காற்றும் அடித்துவிட்டான். முன்சக்கரம் ஒன்றில் காற்று கசிந்தது. அதைக் கழற்ற அவன் ஸ்பேனரை வைத்தான்.

"லேய், கையெடு! அந்த நட்டெத் தொடப்பிடாது!" என்று பெரியவர் கத்திய கத்தலில் சூளை ஆட்களும் ஓடி வந்தனர்.

விஷயம் இதுதான். அந்தச் சக்கரம் ஒரே தகடு அன்று. இரு பாதித் தகடுகளைச் சேர்த்து நட்டுகளால் முடுக்கியது. வண்டியோடு சக்கரத்தைப் பிணைக்கும் நட்டுகள் ஒரு வட்டம். இரு பாதிகளையும் பிணைக்கும் நட்டுகள் மற்றொரு வட்டம். காற்று இருக்கையில் இரண்டாம் வட்டத்தைத் தளர்த்தினால் தகடு பீரங்கிக் குண்டு போல் பறக்கும். எதிரே இருப்பவர் தப்ப இயலாது. இதனாலேயே ராணுவத்தில் அந்த நட்டுகளுக்குச் சிவப்பு வர்ணம் பூசினார்கள். துருவில் வர்ணம் போய்விட்டது. பெரியவரின் நினைவில் மட்டும் இருந்தது. "பாட்டா, எனக்குத் தெரியாதே" என்றான் இளைஞன். அவன் கை நடுங்கியதைக் கண்டோம். டயர் மாட்டும்போதே அவரைக் கேளாதது எங்கள் தவறு. காற்று முழுவதையும் இறக்கிய பிறகே மீண்டும் தொட்டோம்.

அடுத்து, எஞ்சினின் விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்லும் நீண்ட தண்டுகள் இரண்டையும் கழற்றினோம். இதைப் பலர் செய்வதில்லை. எஞ்சின் ஓடாமல் வண்டியை இழுக்கும்போது சக்கரம் கியர் பெட்டியின் ஒரு பகுதியைச் சுழற்றும். ஆனால் எண்ணெயை வாரி இறைக்கும் பல்சக்கரங்கள் சும்மா நிற்கும். சில மைல் போவதற்குள் உள்ளே தேய்ந்து நாசமாகும்.

சங்கிலியால் இழுக்கலாம் என்றார் சிலர். பிரேக் பிடிக்காத வண்டியைச் சங்கிலியால் இழுப்பது மடமை. இறக்கத்தில் சங்கிலி தொய்ந்து, பின்னது முன்னதை முட்டும். இரும்பு இழுகம்பி கொண்டு பிணைத்தோம். இரு வண்டிகளுக்கும் இடைவெளி 5 மீட்டருக்கு மேற்படலாகாது, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டலாகாது, பின்னே 'ஆன் டோ' என்ற பலகை தொங்க வேண்டும், ஸ்டியரிங்கில் உரிமம் உள்ளவர் அமர வேண்டும் என்பன விதிகள். பெரியவரின் உரிமம் என்றோ காலாவதியாகிவிட்டது. எங்கள் மெக்கானிக் ஸ்டியரிங்கைப் பிடித்தார். பெரியவர் எஞ்சினுக்கு அப்பால், கிளீனரின் இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.

இரவு பத்து மணிக்குப் புறப்பட்டோம். நாகர்கோவிலும் தக்கலையும் தொல்லையின்றிக் கடந்தன. குழித்துறை ஆற்றுப்பாலத்தை நோக்கி இறங்கும் இடத்தில் இழுகம்பி முனகிற்று. பெரியவர் சன்னல் வழியே கையை நீட்டித் தகட்டைத் தட்டி, மெதுவாகப் போகச் சொன்னார். முன் வண்டிக்கு அது கேட்டிராது. ஆயினும் அவர் பாலம் கடக்கும் வரை தட்டிக்கொண்டே இருந்தார். களியக்காவிளையில் தேநீர் அருந்தினோம். பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், கரமனை என்று ஊர்கள் வந்து போயின. கிள்ளிப்பாலத்தை அடைந்தபோது மணி நாலரை. சாலையில் காய்கறி லாரிகள் சரக்கு இறக்கத் தொடங்கியிருந்தன.

எங்கள் கிடங்குக்குப் போகும் சந்தில் இழுகம்பியோடு திரும்ப முடியவில்லை. கம்பியைக் கழற்றினோம். சுமடு இறக்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பதினைந்து பேர், மலையாளிகளும் தமிழர்களும், கூலி பேசாமல் வந்து தோள் கொடுத்தனர். கிடங்கு முற்றத்தின் வாசலைக் கடந்ததும் மெக்கானிக் இறங்கிக்கொண்டு, "பாட்டா, இனி நீங்க பிடியுங்க" என்றார். பெரியவர் மறுக்கவில்லை. வாசல் கல்தூணில் எந்தப் பக்கம் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

லாரி இப்போது முற்றத்தில் மரக்கட்டைகள் மேல் நிற்கிறது. கழற்றிய தண்டுகளுக்குக் கிரீஸ் பூசிச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறோம். எஞ்சினைத் திறந்து பார்க்கும் வேலை மழைக்காலம் கழிந்த பின். பெரியவர் மறுவாரமே ஒரு சிறு டப்பாவுடன் வந்து, நான்கு சக்கரங்களின் இரண்டாம் வட்ட நட்டுகளுக்கும் சிவப்பு வர்ணம் பூசிவிட்டுப் போனார்.